மாப்பிள்ளையின் வாசல்

நெலிப் கரை
ஜூன் 6, 1994

பருவா அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உன் வீட்டுக் கூரையில் புகை எழுவது என் முற்றத்திலிருந்தே தெரிகிறது. அடுப்பு எரிகிறது, அந்த மட்டும் சரி. இந்தக் கடிதத்தை சிஸ்டர் அக்னஸ் கொண்டுவருவாள். இரண்டு கரைக்கும் மருந்து கொடுக்கிறவள் அவள்தான் என்பதால் அவளை மட்டும் யாரும் ஆற்றில் மறிப்பதில்லை. "நான் கடற்கரைக்காரி. எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே பைத்தியந்தான்" என்கிறாள்.

சந்தையில் நடந்தது உனக்குத் தெரியும். உன் கொமுங்கா ஆட்கள், ரைமா முன்னால் நிற்க, என் கொழுந்தன் கூரியை விறகுக் கட்டையால் அடித்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஆற்றோரத் துண்டு நிலத்தில் தடைக்குக் கட்டியிருந்த தங்கெட் இலையை அவன் அவிழ்த்துவிட்டானாம்.

அந்தத் துண்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வெள்ளத்தில் ஆறு தடம் மாறி, உங்கள் காப்பித் தோட்டத்தில் ஒரு மூலையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டது. ஆறுதான் எல்லை என்கிறார்கள் இவர்கள். நட்டவன் கைதான் எல்லை என்கிறீர்கள் நீங்கள். நடுவர் பியுஸ் வந்து, கரைக்கொன்றாக இரண்டு சிவப்புத் தங்கெட் இலை வாங்கி, இரண்டையும் கயிற்றால் சேர்த்து முடிந்து கம்பத்தில் மாட்டினார். தீர்ப்பு வரும்வரை ஒருவரும் ஒரு பழம் பறிக்கக் கூடாது. இப்போது கம்பம் மொட்டையாக நிற்கிறது. பழம் சிவந்து தொங்குகிறது.

கூரி வாயே திறப்பதில்லை. "நீ எடுத்தியா இல்லையா, சொல்லித் தொலைடா" என்று அவன் அண்ணனே கேட்டுப் பார்த்துவிட்டார். அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இப்போது இங்கேயே நாலு பேர் அவனைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். எனக்குத்தான் அவனைத் தெரியும். எடுத்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருப்பான்.

பாலத்துப் பலகைகளை எங்கள் ஆட்கள் உருவிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கோடரி தீட்டுகிறார். மரம் வெட்டத்தான் என்கிறார். எந்த மரம் என்று நான் கேட்கவில்லை.

நடுவர் வரும்வரை உன் ஆட்களைப் பிடித்து வை. நீ பேசினால் கேட்பார்கள்.

ரூம்பி


கொமுங்கா கரை
ஜூன் 7

ரூம்பிக்கு,

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். என்னைத் திட்டும்போது உன் எழுத்து நேராக இருக்கிறது, கெஞ்சும்போது கோணுகிறது.

அடித்தது தப்பு. அதை நான் கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். ஆனால் ஏன் அடித்தார்கள் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கம்பம் மொட்டையான அன்று கூரி அதன் பக்கத்தில் நின்றதை நம் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். சந்தையில் ரைமா நல்லபடியாகத்தான் பேச்சைத் தொடங்கினான். கிழங்குக் குவியலுக்கு அந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். என் காதால் கேட்டதை எழுதுகிறேன்.

"தங்கெட்ட எவன் எடுத்தான், தெரியுமா?" என்றான் ரைமா.

கூரி சிரித்தான். "தெரியாம என்ன? மாப்பிள்ளைதான் எடுத்துட்டுப் போனான். அவன் வாசல்ல போய்ப் பாருங்க, பரப்பி வச்சிருப்பான்."

நெலிப்பில் எங்களுக்கு மாப்பிள்ளை யார்? அந்தக் கரைக்குப் பெண் கொடுத்தது நம் வீடு ஒன்றுதான். உன் புருஷன் கோப்பாதான் எடுத்தான், முடிந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவன் தம்பியே நடுச்சந்தையில் சிரித்துக்கொண்டு சொல்கிறான். இதைக் கேட்டுவிட்டு எவன் சும்மா நிற்பான்? நான் குவியலைச் சுற்றி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் பேசினால் கேட்பார்கள் என்கிறாய். இப்போது கேட்பதில்லை. நான் வாயைத் திறந்ததும் ரைமா, "இவரு மாப்பிள்ளை வீட்டு வக்கீலு" என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபம் முடிந்ததும் கோப்பாவின் வாசலை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்னஸ் வீட்டுக்குப் போய்விடு. என் தங்கை வாசலில் நான் கோடரியோடு நிற்கிற நாள் வர வேண்டாம். போகாமல் இருந்தால் என்னைக் கோழை என்பார்கள், போனால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும்.

பருவா


நெலிப் கரை
ஜூன் 8

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கிழங்குப் பாத்தியில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஒரு சொல்லுக்காகவா ஒரு கையை முறித்தீர்கள்?

நம் கரையில் நாம் கல்பொறுக்கி என்று சொல்கிற பறவை இருக்கிறதே, நாணலுக்குள் சுள்ளியால் நாலு சுவர் எழுப்பி, ஆற்றில் நீலச் சாம்பல் கல்லாகப் பொறுக்கி வந்து பரப்பி வைக்குமே, அதற்கு இந்தக் கரையில் பெயர் மாப்பிள்ளை. பெண் வருவதற்கு முன்னால் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பழத்தை வாயில் வைத்துக்கொண்டு ஆடிக் காட்டுகிறவனை வேறு என்னவென்று சொல்வது? நான் கல்யாணமாகி வந்த புதிதில், "மாப்பிள்ளை காப்பிக்குள்ள கத்துறான்" என்று மாமியார் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் எதற்குக் கத்துகிறார் என்று தோட்டமெல்லாம் தேடியிருக்கிறேன். இரண்டு கரைப் பேச்சும் தெரிந்தவள் இந்த ஆற்றில் நான் ஒருத்திதான். நானோ சந்தையில் இல்லை.

கூரி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"அந்தப் பறவை எடுத்ததப் பாத்தியாடா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே அண்ணி. சொன்னதுக்குத்தான் இது." கட்டுப்போட்ட கையைக் காட்டினான். "இன்னொரு தடவ சொன்னா மத்த கையையும் குடுக்கணும்."

பிறகு தோட்டத்துக்குப் பின்னால், சவுக்கு முடிந்து நாணல் தொடங்கும் இடத்துக்குப் போனேன். சுள்ளிச் சுவர் நாலும் நெருக்கமாக நின்றன. உள்ளே கல், நீலப் பழம், சிவப்புப் பழம் கொஞ்சம். நடுவில் பியுஸ் கட்டிய நீல நைலான் கயிறு. முடிச்சு அவிழவில்லை, இலைக்காம்பு இரண்டும் முடிச்சுக்குள் அப்படியே இருக்கின்றன. கம்பத்தின் நுனி ஒல்லி. கயிற்றைக் கவ்வி இழுத்ததில் வளையம் நுனி வழியாகக் கழன்று வந்திருக்கிறது. வழக்கம்போலக் காட்டுக்கொடியால் கட்டியிருந்தால் இவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். மழைக்குத் தாங்கும் என்று உரமூட்டைக் கயிற்றைத் தேடிப் பிடித்தாரே, அந்தப் புண்ணியவான்.

நான் தொடவில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்க் கையில் எடுத்துவிடுவார். கையில் எடுத்த பிறகு பறவை எடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நெலிப் எடுத்தது என்றுதான் சொல்வார்கள். புருஷனிடம் ஒளித்து அண்ணனிடம் சொல்கிறேன். இதன் எடை உனக்குப் புரிய வேண்டும்.

அக்னஸ் வீட்டுக்கு நான் போகவில்லை. இது என் வாசல். வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போகட்டும்.

ரூம்பி


கொமுங்கா கரை
ஜூன் 9

ரூம்பி,

நான் கேட்கப் போவது உனக்குப் பிடிக்காது. அந்தக் கயிற்றை நீயே அங்கே வைக்கவில்லையே?

கோபப்படாமல் படி. சின்ன வயதில் கல்பொறுக்கியின் வீட்டுக்குள் எதையாவது போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பது உன் வேலை. உன் புருஷனைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நீ என்ன வேண்டுமானாலும் செய்வாய். நான் உன் இடத்தில் இருந்தால் நானும் செய்வேன். நான் நினைப்பதை ரைமா நினைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நீ போட்டதை எல்லாம் அது எடுத்து எறிந்துவிடும். தானாகக் கொண்டு வராததை அது ஒரு பொழுதுகூட வைத்துக்கொள்ளாது. வெள்ளைப் பூவை எத்தனை முறை வைத்தாலும் அத்தனை முறையும் அலகால் கவ்வி வெளியே வீசும். ஆகவே அந்தக் கயிறு அங்கேயே கிடந்தால் அது கொண்டு வந்ததுதான். எறிந்திருந்தால் நீ வைத்தது. உன்னை நம்புவதைவிட அதை நம்புவது எனக்கு லேசாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

பியுசுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை காலை அவர் வருவார், அக்னஸ் துணைக்கு வருவாள், நம் பக்கத்திலிருந்து இருவர் வருவார்கள். நான் வர முடியாது. நான் வந்தால் என் தங்கை வீட்டுச் சாட்சி என்பார்கள். ரைமாவையே அனுப்புகிறேன். அவன் கண்ணால் பார்த்தால்தான் மற்றவர்கள் அடங்குவார்கள். அவன் இதற்குச் சம்மதிக்கவே நான் பட்ட பாடு போதும்.

"பறவ எடுத்துச்சாம். அடுத்து பன்னி வந்து தீர்ப்பு சொல்லுமா?" என்றான்.

"வந்து பாத்துட்டுச் சிரி" என்றேன்.

"இல்லேன்னா?"

இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நானே முன்னால் நடப்பதாகச் சொல்லிவிட்டேன். வேறு எதைச் சொல்லியும் அவனை நிறுத்த முடியவில்லை. ஆகவே அதைத் தொடாதே, யாரையும் நெருங்க விடாதே.

பருவா


நெலிப் கரை
ஜூன் 11, சனி

அண்ணா,

காணோம்.

நேற்று மாலை இருட்டுமுன் பார்த்தேன், இருந்தது. இன்று பியுசும் ரைமாவும் வந்து நின்றபோது கல் இருந்தது, பழம் இருந்தது, கயிறு இல்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பிடுங்கிக் கிடந்தது. எங்கள் மாப்பிள்ளை சவுக்குக் கிளையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

ரைமா குனிந்து பார்த்தான். ஒரு சுள்ளியை எடுத்துப் பல் குத்தினான். "வீடு நல்லாத்தான் கட்டியிருக்கு. திருட்டுச் சாமான்தான் காணோம்" என்றான். பிறகு என் காலடியில் துப்பிவிட்டுப் போனான்.  பியுசின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் உனக்கு எழுதியது, அவருக்கு ஒளித்தது எல்லாம். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒன் அண்ணன் வீட்டுக் காரியத்த அங்கயே போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. எங்கள் ஆட்கள் காப்பிக்குள் பள்ளம் வெட்டுகிறார்கள், வரப்போகிறவர்களுக்கு.

நான் சொல்வதை நன்றாகக் கேள். மனிதன் எடுத்திருந்தால் சுவரை ஏன் பிடுங்குகிறான்? குனிந்து எடுத்தால் முடிந்தது. சுவரைப் பிடுங்குவது இன்னொரு மாப்பிள்ளையின் வேலை. பக்கத்தில் இருக்கிறவன் இவன் வெளியே போன நேரம் பார்த்து வந்து, பிடித்ததைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் வீட்டையும் கலைத்துவிட்டுப் போவான். பெண் இவனைத் தேடி வரக் கூடாது என்கிற வயிற்றெரிச்சல். நீயும் பார்த்திருக்கிறாய்.

எங்கள் கரையில் இதைத் தவிர வேறு வீடு கிடையாது. கீழ்த்தோட்டம் வரை கை காலெல்லாம் கிழியத் தேடிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அப்படியானால் அடுத்தவன் உன் கரையில் இருக்கிறான். ஆற்றைத் தாண்ட அவனுக்குப் பலகை வேண்டாம்.

நாளை கோயில் ஜெபம் முடிய எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுதான் நமக்கு இருக்கிறது. போய்த் தேடு. இந்த ஒரு முறை என்னை நம்பு, அண்ணா. பறவையை நம்புகிற அளவுக்காவது நம்பு.

ரூம்பி


கொமுங்கா கரை
ஜூன் 12, ஞாயிறு காலை

ரூம்பி,

கண்டுபிடித்துவிட்டேன். வெளிச்சம் வந்ததும் தேடத் தொடங்கினேன். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நீ சிரிக்க மாட்டாய். ரைமாவின் அம்மா பன்றி கட்டுகிற பட்டிக்குப் பின்னால், அவர்கள் நிலத்திலேயே இருக்கிறது.

உன் கயிறுதான். காம்பு இரண்டும் முடிச்சில் இருக்கின்றன. இங்கே இருக்கிறவன் உங்கள் ஆளைவிடச் சோம்பேறி, சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனால் கயிற்றை வாசலுக்கு நேராக நீட்டி வைத்திருக்கிறான்.

உன்னிடம் மறைக்கவில்லை: கையை நீட்டிவிட்டேன். ஆறு பத்தடியில் ஓடுகிறது. எடுத்து வீசியிருந்தால் கொமுங்கா சுத்தம், நெலிப் திருடன், பழம் எங்களுக்கு. என்னை வக்கீல் என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்போதுதான் பின்னால் ரைமா வந்து நின்றான். நான் போகிற திசையைப் பார்த்துத் தொடர்ந்து வந்திருக்கிறான்.

 அவன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"எங்க நெலத்துல கெடக்குதுன்னா நான்தான் எடுத்தேன்பானுங்க" என்றான்.

"ஆமா. கூரியச் சொன்ன மாதிரியே சொல்வானுங்க."

"தூக்கி ஆத்துல போடுண்ணே. யாரு பாத்தா?"

"நீ பாத்தே. நான் பாத்தேன்."

"நாம ஒரே ரத்தம்."

"அங்க இருக்கறவளும் அதே ரத்தந்தான்டா."

அவன் பட்டிக் கழியில் போய் உட்கார்ந்துவிட்டான். அவனை அங்கேயே விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். திரும்பிப் போகும்போது கயிறு இருக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆகவே சுற்றி வளைக்க நேரமில்லை.

கோப்பா வரட்டும். பியுஸ் நேற்று மருந்துக் கொட்டகையில் தங்கியிருக்கிறார், அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டும். கோடரி வேண்டாம். பழைய படித்துறையில் நான் ஆற்றின் நடுவரை இறங்கி வந்து நிற்பேன், அவருக்கு முன்னால் நான் நடப்பேன். யாராவது எதையாவது எறிந்தால் முதலில் என் மேல் விழட்டும். அவரிடம் நான் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதாகச் சொல். பறவை இல்லை, மனிதன் என்றும் சொல்.

பருவா


நெலிப் கரை
ஜூன் 12

அண்ணா,

அவர் வருகிறார். இந்தச் சீட்டு அவர் கையிலேயே வரும். நீ இதைப் படிக்கிறாய் என்றால் நடு ஆறுவரை உயிரோடு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எல்லோரும் வேண்டாம் என்றார்கள். "பன்னியப் பிடிக்கத்தான் பட்டிக்குக் கூப்பிடுவாங்க" என்று அவர் சித்தப்பா சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நேற்றிலிருந்து முதல் முறையாகப் பார்த்தார்.

"ஒன் அண்ணன் கையெழுத்துத்தானா?"

"ஆமா."

"பொய் எழுதுவானா?"

"சந்தேகப்பட்டு எழுதுவான். பொய் எழுத மாட்டான்."

கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார். தானும் வருவதாகக் கூரி எழுந்து நின்றான். "முறிஞ்சது ஒரு கையோட போதும், ஒக்காரு" என்றார். கூரி உட்கார்ந்துவிட்டான், ஆனால் அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணா, நான் கரையிலேயே நிற்கிறேன். அவர் திரும்பி வராவிட்டால் எனக்கு எழுதாதே. எனக்கு அண்ணன் இருந்ததாகவே பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன்.

ரூம்பி


கொமுங்கா கரை
ஜூன் 14

ரூம்பி,

உன் புருஷன் நடந்ததை எல்லாம் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கு ஒரு வரிக்கு மேல் பேச வராது என்பதால் நானும் எழுதுகிறேன். இரண்டு நாளாக என் கை எழுதத் துடிக்கிறது.

நான் திரும்பிப் போனபோது கயிறு இருந்தது. ரைமா அதைத் தொடவில்லை. பட்டிக் கழியிலேயே உட்கார்ந்திருந்தான். அதற்காக அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதிவிடுகிறேன்.

நாணலுக்குள் நாங்கள் பதுங்கியது ஒரு காட்சி. பியுஸ், கோப்பா, நான், ரைமா, இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு பெரியவர். பேசினால் பறவை வராது, அசைந்தால் வராது. கட்டெறும்பு பியுசின் வேட்டிக்குள் ஏறிவிட்டது, மனுஷன் கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தார். ரைமாவுக்குத் தும்மல் வந்தது. கோப்பா தன் உள்ளங்கையால் அவன் மூக்கைப் பொத்தினார். நாலு மாதமாக வாயால் ஒருத்தரை ஒருத்தர் கிழித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் முதுகில் ஏறியும் ஒருவரும் எழவில்லை.

வந்தான். சுற்றிப் பார்த்தான், ஒரு கல்லை நகர்த்தினான், பிறகு கயிற்றைக் கவ்வி உதறி மறுபடி நேராக வைத்தான். அவன் பறந்த நேரம் பியுஸ் தவழ்ந்து போய்க் கயிற்றை எடுத்து வாசலுக்கு வெளியே தள்ளி வைத்தார். உள்ளே ரைமாவின் புகையிலைத் தாளைப் போட்டார். திரும்பி வந்தவன் தாளைத் தூக்கி ரைமாவின் திசையிலேயே எறிந்தான், கயிற்றைத் தேடி எடுத்து உள்ளே கொண்டுபோனான். உன் பக்கத்துப் பெரியவர், "எங்க மாப்பிள்ள வீடு இதவிட நல்லாருக்கும்" என்று கிசுகிசுத்தார். "ஒங்காளுகிட்டேர்ந்து அடிச்சுட்டு வந்த சாமான்தானே இது, எங்காளு கெட்டிக்காரன்" என்றார் எங்கள் பெரியவர். அங்கேயே சண்டை வந்துவிடும் போலிருந்தது.

பியுஸ் முடிச்சைக் கையில் வைத்துப் பார்த்தார், தான் போட்ட முடிச்சு, வெட்டுப்படவில்லை, அவிழவில்லை என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். புதுத் தங்கெட் கட்டியாகிவிட்டது, இந்த முறை காட்டுக்கொடியால். துப்பாக்கி வந்த வழியே போய்விட்டது. பாலத்துக்குப் பலகை அறுக்கிறோம்.

கூரியின் கைக்கு ஈடாக நாளைக்குப் பன்றிகள் வரும். ரைமா தன் பட்டியிலிருந்தே கொடுக்கிறான், பெரிய பன்றி உட்பட. எல்லோர் மனமும் குளிர்ந்திருக்கிறது. நல்லபடியாக முடிந்தது, ரூம்பி. இவ்வளவு நல்லபடியாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை.

பருவா


நெலிப் கரை
ஜூன் 16

அண்ணா,

பன்றிகள் வந்தன. பெரியது உண்மையிலேயே பெரியது. முற்றத்தில் வரிசையாகக் கட்டி, ரைமா எழுந்து பேசினான். நன்றாகவே பேசினான். "தப்பு ஒங்க மேலயும் இல்ல, எங்க மேலயும் இல்ல. ரெக்க மொளச்ச திருடன் ஒருத்தன் பண்ணுன வேல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ ஏன் வரவில்லை என்று கேட்டேன், பலகை அறுக்கிறாய் என்றார்கள்.

கூரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். கட்டு மாற்றும்போது அக்னஸ் சொல்லிவிட்டாள், எலும்பு கூடினாலும் இரண்டு விரல் மடங்காதாம். அவன் ரைமாவைக் கூப்பிட்டான். கோபமாகக் கூப்பிடவில்லை.

"எப்படிப் பாத்தீங்க? சொல்லேன், நான்தான் வரலையே."

ரைமா உற்சாகமாகச் சொன்னான். நாணல், எறும்பு, தும்மல் எல்லாம் சொன்னான். "அது மெரண்டு போயிடக் கூடாதேன்னு மூச்சக்கூட அடக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தோம்டா. காலைலேர்ந்து. ஒருத்தன் ஒரு கல்ல எடுத்து வீசல."

கூரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"எனக்காகவும் அப்படிக் கொஞ்ச நேரம் ஒக்காந்திருக்கலாமே. நான் எங்கயும் பறந்து போயிருக்க மாட்டேன்."

 ரைமா எழுந்து பன்றிக் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டான். சரிபார்க்க அதில் ஒன்றும் இல்லை.

அண்ணா, நீ எழுதியதை எல்லாம் நம்புகிறேன். ஆற்றின் நடுவில் வந்து நின்றாய், என் புருஷனை உயிரோடு திருப்பி அனுப்பினாய். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் கூரியிடம் நான் படித்துக் காட்டவில்லை. சந்தையில் ஒரு கிழங்குக் குவியலுக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். அவன் சொன்னது உன் காதில் விழுந்தது. எந்த மாப்பிள்ளை என்று நீயும் கேட்கவில்லை.

பாலம் முடிந்ததும் வா. பன்றி வேண்டாம், பேச்சும் வேண்டாம். அவன் பக்கத்தில் வந்து உட்கார். முதல் நாள் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், மறுநாளும் சொல்ல மாட்டான். நீ எழுந்து போகாமல் உட்கார்ந்திரு.

ரூம்பி